நம்பர் இல்லாத வண்டி, நம் தலைக்கு மேலே

கடந்த ஆடியில் எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடையின் இரண்டாம் நாள் மாலை, முளைப்பாரி ஊர்வலம் கோயில் தெருவைத் தாண்டி ஆற்றுப் பாதையில் திரும்பிய இடத்தில், என் மைனியின் இடப் புருவத்தின் மேல் ஒரு ட்ரோன் விழுந்தது. மூன்று தையல் போட்டார்கள். காயத்துக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு விரல்கடை தூரம் இருந்தது. அந்த ஒரு விரல்கடையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வருகிறது.

முளைப்பாரி எடுத்தவர்களுக்கு அதன் பாடு தெரியும். பத்து நாள் இருட்டறையில் தண்ணீர் தெளித்து வளர்த்த பயிரைத் தலையில் வைத்தால், இரண்டு கையும் பாத்திரத்தின் விளிம்பைப் பிடித்தபடி மேலே உயர்ந்துதான் இருக்கும். முகத்துக்கு முன்னால் ஈ வந்தாலும் விரட்ட முடியாது. அப்படிக் கைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நடந்துவந்த பெண்களுக்கு மேலே, மேளச் சத்தத்தையும் குலவைச் சத்தத்தையும் மீறி இரைந்துகொண்டு, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வரைக்கும் அந்த இயந்திரம் இறங்கி வந்தது. பச்சைப் பயிரின் மேற்பரப்பை ஒட்டிப் படம் எடுத்தால் பார்க்க அழகாக இருக்குமாம். பிறகு வீட்டு மாடிக்கு மேலே எழும்பியது. மேற்கே மலை இடைவெளிகள் வழியாக வரும் ஆடிக் காற்று அம்மியையே நகர்த்தும் என்று நாம் பழமொழி சொல்லிக்கொண்டு திரிகிறோம். ஒரு கிலோ கூட இல்லாத பிளாஸ்டிக் அதற்கு எம்மாத்திரம்? ஒரே வீச்சில் பக்கவாட்டில் தள்ளப்பட்டு, தெருவின் குறுக்கே கட்டியிருந்த சீரியல் செட் வயரில் இறக்கை சிக்கி, தலைகீழாக விழுந்தது. மைனி பாத்திரத்தைக் கீழே போடவில்லை. இரத்தம் கன்னத்தில் வழிய வழிய, பின்னால் வந்த பெண்ணின் தலைக்கு அதை மாற்றிக் கொடுத்த பிறகுதான் உட்கார்ந்தார்.

அந்த நேரத்தில் பறக்கவிட்டவன் எங்கே இருந்தான் என்றால், இரண்டு வீடு தள்ளி ஒரு மொட்டை மாடியில் ரிமோட்டும் கையுமாக நின்றுகொண்டிருந்தான். பெங்களூரில் வேலை பார்க்கும் பையன், கொடைக்காக லீவில் வந்தவன். படியில் தடதடவென்று இறங்கி ஓடி வந்தான். வந்தவன் முதலில் குனிந்து எடுத்தது ட்ரோனை. சட்டை நுனியால் கேமரா கண்ணாடியைத் துடைத்து, அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, ஒடிந்த இறக்கைத் துண்டைத் தேடி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகுதான், "அக்காவுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டான். நான் கையை ஓங்கிவிட்டேன் என்பதை மறைக்கவில்லை. பெரியவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"இது சின்ன ட்ரோன்தான் அண்ணாச்சி, இதுக்கு லைசென்ஸே வேண்டாம்" என்றான் அவன். என் இரத்தக் கொதிப்பு ஏறியதற்குக் காரணம் அவன் பொய் சொன்னான் என்பதல்ல; பாதிக்கு மேல் உண்மையைச் சொன்னான் என்பதுதான். 2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகள், இந்த இயந்திரங்களை எடையை வைத்துப் பிரிக்கின்றன. 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது, அதற்கு மேல் நடுத்தரம், பெரியது என்று போகிறது. நானோ ட்ரோனுக்கும், வியாபார நோக்கமில்லாமல் பறக்கவிடும் மைக்ரோ ட்ரோனுக்கும் பைலட் சான்றிதழ் தேவையில்லை. பச்சை மண்டலம் என்று வரைபடத்தில் காட்டியிருக்கும் இடங்களில் 400 அடி உயரம் வரை முன் அனுமதியும் வேண்டாம். எங்கள் ஊர் வாகைக்குளம் விமான நிலையத்துக்கு வெகு தூரத்தில் இருப்பதால், ஊருக்கு மேலே இருக்கும் வானம் முழுக்கப் பச்சைதான்.

இதன் கோணலைப் பாருங்கள். நெல் வயலில் மருந்தடிக்கிற ட்ரோன், எடை காரணமாகச் சிறிய வகையில் வந்துவிடுகிறது. ஆளரவமில்லாத வயலுக்கு மேலே அதை ஓட்டுகிறவர் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிலையத்தில் படித்துச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். ஆயிரம் தலைகளுக்கு மேலே ரீல் எடுக்கிறவனுக்கு எந்தப் படிப்பும் வேண்டாம், பெட்டியைப் பிரித்த அன்றைக்கே பறக்கவிடலாம். நாற்றுக்குக் கிடைக்கிற பாதுகாப்பு முளைப்பாரி சுமக்கிற பெண்ணுக்குக் கிடையாது! விதி எழுதியவர்கள் பொருளின் எடையைத்தான் நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதன் கீழே நிற்கிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

எடை குறைவு என்பதே ஒரு சமாதானமா? 30 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற எந்தப் பொருளும், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 87 கிலோமீட்டர் வேகத்தில் வரும். தடையைக் கழித்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இந்தக் கணக்கு பதினோராம் வகுப்புப் பாடத்தில் இருக்கிறது. மைனியின் மேல் விழுந்தது மாடி உயரத்திலிருந்து என்பதால் மூன்று தையலோடு போயிற்று. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் காட்டுத்தீயின்போது, தண்ணீர் ஊற்றித் தீயணைத்துக்கொண்டிருந்த பெரிய விமானம் ஒன்றின் இறக்கையில் ஓட்டை போட்டு, அதைப் பல நாள் தரையில் நிறுத்தியது இந்த 250 கிராமுக்கு உட்பட்ட வகை ட்ரோன்தான். வேடிக்கை பார்ப்பதற்காகப் பறக்கவிட்ட ஒரு தனி ஆள், தன் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு அதை அனுப்பியிருந்தார்.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு 2023 டிசம்பர் நினைவுக்கு வந்தது. தாமிரபரணி கரைபுரண்டு, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சேர்த்துப் பயணிகள் சிக்கிக்கொண்டு, ஹெலிகாப்டர்கள் தாழப் பறந்து சோற்றுப் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்த அந்த நாட்களில், வெள்ளத்தை மேலே இருந்து படம் பிடிக்க வேண்டும் என்று எவனுக்காவது ஆசை வந்து, அந்த ஆசைக்குக் குறுக்கே ஒரு ஹெலிகாப்டர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சரி, நடந்ததற்கு வருகிறேன். மறுநாள் காவல் நிலையத்துக்குப் போனோம். எந்த நிலையம் என்பது இங்கே தேவையில்லை, எங்கே போயிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். எழுதிக்கொண்டிருந்தவர் நல்ல மனிதர்தான், மைனியின் கட்டைப் பார்த்து வருத்தப்பட்டார். பிறகு பேனாவை எடுத்து, "வண்டி நம்பர் என்ன?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டு, தானே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வியில்தான் முழு விவகாரமும் இருக்கிறது. டவுன் பஸ் இடித்தால் நம்பர் இருக்கிறது, மணல் லாரி இடித்தால் நம்பர் இருக்கிறது, முன்னொரு காலத்தில் சைக்கிளுக்கே வில்லை மாட்டி வைத்திருந்தார்கள் என்று எங்கள் தாத்தா சொல்லுவார். தலைக்கு மேலே பறக்கிற இந்த ஒன்றுக்கு மட்டும், கீழே நிற்கிறவர் கண்ணில் படும்படி ஓர் எழுத்தும் கிடையாது. எங்கள் ஊர்ப் பையன் என்பதாலும் ஓடி வந்து எடுத்தான் என்பதாலும் யார் என்று தெரிந்தது. அவன் மாடியிலிருந்து இறங்காமல் அப்படியே பின்பக்கமாகப் போயிருந்தால், எங்களிடம் மிஞ்சியிருப்பது ஓர் உடைந்த பொம்மை மட்டுமே.

பதிவு எண் என்று ஒன்று விதியில் இல்லாமல் இல்லை. அரசின் இணையதளத்தில் பதிந்து தனி அடையாள எண் வாங்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் அந்தப் பையனின் ட்ரோன் துபாயிலிருந்து மாமா பெட்டியில் வந்தது. வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரி 9 முதல் தடை இருக்கிறது. ஆராய்ச்சிக்கும் பாதுகாப்புத் துறைக்கும்தான் விலக்கு. தடை செய்த பொருளை எங்கே கொண்டுபோய்ப் பதிவது? ஆகவே அது பதியப்படாமலே பறக்கிறது, பிடிக்க ஆள் இல்லை. விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் இணையத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற விதி இருப்பதே அவனுக்குத் தெரியாது. விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்பதும் தெரியாது. தெரிந்தாலும் யாரிடம் கட்டச் சொல்லுவார்கள்?

அமெரிக்காவில், பதிவு செய்ய வேண்டிய ட்ரோன்கள் பறக்கும்போதே தம் அடையாளத்தையும் இருக்கும் இடத்தையும் சுற்றிலும் ஒலிபரப்ப வேண்டும் என்று கட்டாயமாக்கி, 2024 மார்ச் முதல் மீறுகிறவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கிறார்கள். காற்றில் தெரிகிற நம்பர் பிளேட் என்று வைத்துக்கொள்ளலாம். நம் விதிகளிலும் அப்படியொரு வசதி பற்றிய வரி இருக்கிறது, எப்படியென்றால், வருங்காலத்தில் அரசு அறிவிக்கலாம், அறிவித்த பிறகு குறைந்தது ஆறு மாத அவகாசம் தரப்படும் என்று. 'லாம்' என்ற இரண்டெழுத்தில் எத்தனை பேர் தலை தொங்குகிறது!

எங்கள் வீட்டுப் பெண்கள் இதைவிட அதிகமாகக் கொதித்தது படித்துறை விஷயத்தில். கொடைக்கு முந்தின வாரமே இரண்டு நாள் காலையில், பெண்கள் குளிக்கிற துறைக்கு மேலே அந்தச் சத்தம் கேட்டதாம். ஆச்சி மார்பு வரை தண்ணீரில் நின்றபடியே, "எவன்ல அது மேல நின்னு பாக்கது?" என்று வானத்தைப் பார்த்து ஏசியிருக்கிறார். யாரும் பதில் சொல்லவில்லை, அது இன்னும் ஒரு வட்டம் அடித்துவிட்டுப் போயிருக்கிறது. ஈரச் சேலையோடு கரையேற முடியாமல் கால்மணி நேரம் தண்ணீரிலேயே நின்றிருக்கிறார்கள். கரையில் ஓர் ஆண் நின்று பார்த்தால் கல்லெடுத்து எறிய நம் பெண்களுக்குத் தெரியும். நூறு அடி உயரத்தில் கண் மட்டும் வந்து நின்றால் யார் மேல் எறிவது? ஆற்றைப் படம் எடுத்தோம், ஆட்களை எடுக்கவில்லை என்று பிறகு சொல்லிக்கொள்கிறார்கள். பெண்களை ஒளிந்து பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் குற்றம்தான். ஆனால் திறந்த படித்துறையில் குளிப்பவருக்கு அந்தப் பிரிவு பொருந்துமா என்று ஒரு வக்கீல் வாதாடுவதற்குள் அந்தப் படம் எத்தனை போன்களுக்குப் போயிருக்கும்? ட்ரோன் விதிகளிலோ, தனிமனிதரின் அந்தரங்கத்தைக் காப்பதற்கென்று தனியாக ஒரு பிரிவு கிடையாது. மண்டலம், எடை, உயரம் எல்லாம் இருக்கிறது. கேமரா எதைப் பார்க்கிறது என்பது இல்லை.

பறவைகளுக்காகப் பேச வேண்டும் என்றால் கூந்தன்குளத்துக்காரர்களிடம்தான் கற்க வேண்டும். வீட்டு மரத்தில் கூடு கட்டும் நாரையும் கூழைக்கடாவும் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிற ஊர் அது. அந்த மரங்களுக்கு மேலே ஒரு ட்ரோனை அனுப்பி 'இயற்கை அழகு' என்று பாட்டுப் போட்டு வெளியிட நினைப்பவன், கலிஃபோர்னியாவில் 2021-இல் நடந்ததைத் தெரிந்துகொள்வது நல்லது. கடற்கரைச் சரணாலயம் ஒன்றில் ட்ரோன் விழுந்து, ஆலாக் கூட்டம் அப்படியே எழுந்து போய்விட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகள் மணலில் கைவிடப்பட்டுக் கிடந்தன.

ட்ரோனே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆளில்லாத தேரிக்காட்டிலோ, அறுவடை முடிந்த வயலிலோ நாள் முழுக்கப் பறக்கவிடட்டும், நானே போய் வேடிக்கை பார்ப்பேன். கூட்டத்துக்கு மேலே கூடாது என்கிறேன். இதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர், ஓர் இடத்தை ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக, அதாவது அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கக் கூடாத இடமாக, அறிவிக்கலாம் என்று இதே 2021 விதிகளில் இருக்கிறது. மூன்று நாள் கொடைக்கு அது தாராளமாகப் போதும், நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கும் போதும். பெரிய தலைவர்கள் வருகிற நாளில் ட்ரோன் பறக்கத் தடை என்று செய்தித்தாளில் அறிவிப்பு வருவதை எல்லோரும் பார்க்கிறோம். ஒரு தலைவரின் தலைக்கு ஒரே நாளில் கிடைக்கிற சிவப்பு, வடம் பிடிக்கிற ஆயிரக்கணக்கான தலைகளுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் என் கேள்வி. கூடங்குளம் அணு உலையும் மகேந்திரகிரி ராக்கெட் எஞ்சின் சோதனை நிலையமும் விஜயநாராயணம் கடற்படைத் தளமும் இருக்கிற மாவட்டத்தில், ட்ரோன் என்றால் என்ன என்று அதிகாரிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த ஆண்டு கொடைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. சிவப்பு மண்டலம் கேட்டு மனு எழுதிக் கொடுத்துவிட்டேன், பெற்றுக்கொண்டதற்கு ரசீதும் வந்திருக்கிறது. மைனி இந்தத் தடவை முளைப்பாரி எடுக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார், பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக. நேற்று கொடைக் கமிட்டித் தலைவரைப் பார்த்து, நோட்டீஸில் 'கோயில் தெருவிலும் படித்துறையிலும் ட்ரோன் பறக்கவிடக் கூடாது' என்று ஒரே ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, மேசைக்கு அடியிலிருந்து அச்சகத்து மை வாசம் போகாத கட்டைப் பிரித்து, ஒரு நோட்டீஸை உருவி என் கையில் கொடுத்தார். வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, வாணவேடிக்கை ஆகியவற்றுக்குக் கீழே, சிவப்பு எழுத்தில், 'இந்த ஆண்டு சிறப்பு: ட்ரோன் கவரேஜ் உண்டு' என்று அச்சாகியிருந்தது.