அந்தக் கறுப்புப் பெட்டியை ஏன் குப்பையில் போட்டீர்கள்?

மூன்று ஆண்டுகளில் ஆறு சர்வீஸ் பில்கள். ஆறிலும் ‘ஏர் ஃபில்டர் சுத்தம் செய்தது’ என்று ஒரு வரி, அதற்கு எதிரே 150 ரூபாய். எஞ்சினுக்குள் போகும் காற்றிலிருந்து தூசியை வடிகட்டுவதுதான் ஏர் ஃபில்டர். ஆறையும் மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கோபத்தில் கை நடுங்குகிறது.

வண்டி 2005ஆம் ஆண்டு வாங்கிய சான்ட்ரோ கார். அப்பா ஓட்டியது. 15 ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பித்து, அவர் நினைவாக நான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாகவே பிக்கப் குறைந்துகொண்டு வந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் நகரும். பட்டறையில் சொன்னால் ஒரே பதில்: “பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்.” பழையது என்ற ஒற்றைச் சொல்லால் எத்தனை சோம்பேறித்தனத்தை மூடி மறைக்கிறார்கள்!

கடைசியில் அலங்காரச் சாமான் விற்கும் ஒரு கடையில் போய் மாட்டிக்கொண்டேன். “கம்பெனி ஃபில்டர் காற்றை அடைக்கிறது அண்ணா. அதை எடுத்துவிட்டுக் கூம்பு ஃபில்டர் போட்டால் பத்து குதிரைத்திறன் கூடும்” என்றான் அங்கிருந்த பையன். மொத்தமே அறுபத்துச் சொச்சம் குதிரைத்திறன் உள்ள 1,086 சிசி எஞ்சினில், ஒரு ஃபில்டரை மாற்றினால் பத்து கூடுமாம். எந்த மனசாட்சியோடு சொன்னான்? 4,800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்.

கழற்றும்போது அருகிலேயே நின்றேன். கறுப்பு பிளாஸ்டிக் பெட்டியின் மூடியைப் பிடிக்கும் கிளிப்புகளில் துரு ஏறியிருந்தது. ஒரு கிளிப்பின் குறுக்கே சிலந்தி வலை, அதில் தூசி படிந்து நூல்போலத் தடித்திருந்தது. உள்ளே இருந்த காகித ஃபில்டர் தார் பூசியதுபோல் இருந்தது. மடிப்புகளுக்கு இடையில் காய்ந்த வேப்பிலைகள், ஓர் ஓரத்தில் எலி கொண்டுவந்து சேர்த்த பஞ்சு. ஆறு முறை சுத்தம் செய்ததாகப் பணம் வாங்கிய ஃபில்டர் அது! ஒருமுறைகூட அந்தப் பெட்டியை யாரும் திறக்கவில்லை. “பாருங்கள் அண்ணா, கம்பெனி ஃபில்டரின் லட்சணம்” என்று சொல்லிக்கொண்டே பெட்டியோடு சேர்த்துப் பழைய இரும்பில் வீசிவிட்டான். பழுது அழுக்கில் இருந்தது, பெட்டியில் இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அதன்மேல் ஒரு சைலன்சர் வந்து விழுந்தது.

அடுத்த வாரம் அம்மாவை ஏற்காட்டுக்கு அழைத்துப் போனேன். சித்திரை வெயில். கொண்டை ஊசி வளைவுகள் இருபது. ஐந்தாவது வளைவிலேயே இரண்டாவது கியரில் இழுக்கவில்லை. ஏ.சி.யை அணைத்தேன். முதல் கியருக்கு வந்தேன். பானெட்டுக்குள்ளிருந்து புஸ் புஸ்ஸென்று சத்தம் மட்டும் பெரிதாக வந்தது, வண்டி ஏறவில்லை. பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, பக்கத்தில் அம்மா கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை மறக்க முடியவில்லை.

ஏன் ஏறவில்லை? ஒரு லிட்டர் பெட்ரோல் ஒழுங்காக எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். அந்தக் காற்று குளிர்ச்சியாக, அடர்த்தியாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் வண்டியை வடிவமைத்தவர்கள் ஃபில்டரை மூடிய பெட்டிக்குள் வைத்து, எஞ்சின் சூட்டுக்கு விலகி முன்பக்கத்திலிருந்து காற்றெடுக்க அதற்கு ஒரு மூக்கு வைத்தார்கள். கூம்பு ஃபில்டரோ பானெட்டுக்குள் திறந்து கிடக்கிறது. ரேடியேட்டர் விசிறி தள்ளும் வெந்த காற்றைத்தான் அது குடிக்கிறது. 35 டிகிரியில் இருக்கும் காற்று 65 டிகிரிக்குச் சூடானால் அடர்த்தி 9 சதவீதம் குறைந்துபோகும். ஏற்காட்டுக்கு ஏறினால் சேலத்தைவிடக் காற்று ஏற்கெனவே பத்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் வண்டி என்னதான் செய்யும்?

திரும்பப் போய்க் கேட்டபோது, ஒரு குழாய் வைத்து ஃபில்டரை பம்பருக்குக் கீழே இறக்கிவிடலாம், இன்னொரு 3,000 ரூபாய் ஆகும் என்றார்கள். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் அந்தக் குழாய் ஒரு வாய் தண்ணீரை உறிஞ்சினால் போதும். தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது. பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு என்ற கம்பி வளைந்து எஞ்சினே போய்விடும். இதைத் தெரிந்து சொன்னால் அயோக்கியத்தனம். தெரியாமல் சொன்னால் அந்தக் கடையில் ஸ்பானரைத் தொடவே கூடாது.

வேறொரு வயதான மெக்கானிக்தான் ஒழுங்காகப் பார்த்தார். ஃபில்டரிலிருந்து, எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலுக்குப் போகும் மடிப்பு வைத்த ரப்பர் ஹோஸை வளைத்துக் காட்டினார். அடிப்பக்கத்தில் இரண்டு விரல் நீளத்துக்கு வெடிப்பு. த்ராட்டில் வாயில் விரலை விட்டுத் தடவச் சொன்னார். முகப்பவுடர்போல நைசான செம்மண் விரலில் ஒட்டியது. ஃபில்டரைத் தாண்டிய இடத்தில் வெடிப்பு இருந்தால் தூசி வடிகட்டப்படாமல் நேராக சிலிண்டருக்குள் போய் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அரைக்கும். அப்பா பொத்திப் பொத்தி வைத்திருந்த எஞ்சின் அது. இத்தனை நாள் மண் தின்றிருக்கிறது.

“பழைய பெட்டியைக் கொண்டுவாருங்கள் தம்பி, அதையே போடலாம்” என்றார். எங்கே போவது? சேலத்தில் நான் ஏறி இறங்கிய ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒன்றிலும் இல்லை. ஒருநாள் லீவு போட்டு, ரயிலேறிச் சென்னை புதுப்பேட்டைக்குப் போனேன். உடைத்த வண்டிகளின் நடுவே அரை நாள் அலைந்து, ஒரு கிளிப் இல்லாத பெட்டியை 1,200 ரூபாய்க்கு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். புது காகித ஃபில்டர் 280, ரப்பர் ஹோஸ் 450. அவர் த்ராட்டிலையும் கழற்றிச் சுத்தம் செய்து, பெட்டியின் விளிம்பில் ஃபில்டரின் ரப்பர் சுற்றிலும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மூடினார். அந்த ஒரு தடவலைத்தான் மூன்று ஆண்டுகளாக யாரும் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஏற்காட்டுக்குப் போனோம். இரண்டாவது கியரிலேயே ஏறியது. அம்மா கைப்பிடியைத் தொடவே இல்லை.

நாளைக் காலை அந்த ஆறு பில்களோடு பட்டறைக்குப் போகிறேன். 900 ரூபாய். எண்ணி வாங்காமல் வரமாட்டேன்.