அழுகிற பிள்ளையைத் தாத்தா கையில் கொடுக்காதீர்கள்

இரண்டு நாளாக எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் அந்த வீடியோதான். எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். ராத்திரி பதினொன்றரை மணி, கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிப்போகிற கேரல் ரவுண்ட்ஸ், தூக்கத்திலிருந்து எழுப்பி வாசலுக்குத் தூக்கிவந்த இரண்டு வயதுப் பிள்ளை. அது அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிடுகிறது. ஒருவர் அந்தக் கையைப் பிரித்துப் பிள்ளையை வாங்கி, முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தாவிடம் கொடுக்கிறார். டிரம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரிக்கிறார்கள்.

அதன் கீழே நான் எழுதியது ஒரே ஒரு வரி: "அழுகிற பிள்ளையைக் கையில் கொடுக்காதீர்கள்." அதற்கு நேற்றிலிருந்து வருகிற பதில்களைப் படித்துப் படித்து மனசு கசந்துபோய்த்தான் இதை எழுதுகிறேன். பண்டிகையைக் கெடுக்கிறேனாம். ரவுண்ட்ஸை நிறுத்தச் சொல்கிறேனாம். நிறுத்தச் சொல்லவில்லை. டிசம்பரில் தெருமுனையில் டிரம் சத்தம் கேட்டதும் எழுந்து உட்காருகிற ஆள்தான் நானும். நான் சொன்னது ஒன்றே ஒன்று: அழுகிற பிள்ளையைக் கையில் கொடுக்காதீர்கள்.

பிள்ளை ஏன் அழுகிறது என்று யாராவது யோசித்தீர்களா? நமக்கு அது முகமூடி. உள்ளே இருப்பது கீழத்தெருப் பையன். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அப்படி இல்லை. அதற்கு உள்ளே, வெளியே என்று இரண்டு கிடையாது. கண்ணுக்குத் தெரிவதுதான் ஆள். 1969-இல் ரீட்டா டிவ்ரீஸ் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மேனார்ட் என்ற சாதுவான பூனையைப் பிள்ளைகளிடம் காட்டி, தடவிப் பார்க்கவிட்டு, பிறகு அதற்கு நாய் முகமூடியை மாட்டினார்கள். மூன்று வயதுப் பிள்ளைகளில் பலர், பூனை நாயாகவே மாறிவிட்டது என்று நம்பினார்கள். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள்தான் "அது பூனைதான், முகமூடி போட்டிருக்கு" என்றார்கள். பூனையின் பின்பாதி கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்போது மாட்டியும் இந்த நிலை. நீங்கள் கொண்டுவருவதோ நடுராத்திரியில், இருட்டுக்குள்ளிருந்து, அசையாத ஒரு சிரிப்பு. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டை. வாய் திறக்காமலே "ஹோ ஹோ" என்று சத்தம். பெரிய ஆளுக்கே ஒரு நிமிடம் திக்கென்று இருக்கும்.

தாத்தா வேடம் போடுகிற பையன்களைக் குறை சொல்லவில்லை. அந்தப் பிளாஸ்டிக் முகமூடிக்குள் வியர்வை ஊற்றும். மூச்சு அனல் மாதிரி முகத்திலேயே திரும்பி அடிக்கும். ஓட்டை வழியாக நேரே எதிரில் இருப்பது மட்டும்தான் தெரியும். கீழே நிற்கிற பிள்ளை தெரியாது. டிரம் சத்தத்தில் அழுகை காதில் விழாது. பிள்ளை பயந்து நடுங்குகிறது என்பது அவனுக்குத்தான் கடைசியாகத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், பார்க்க வேண்டியது அவன் அல்ல. கூட வருகிற பெரியவர்களும் வீட்டுக்காரர்களும்தான்.

செய்வது பெரிய வேலையும் இல்லை. ரவுண்ட்ஸ் போகிற குழுவிடம் எப்படியும் வீட்டுப் பட்டியல் இருக்கும். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கிற வீட்டுக்கு எதிரே ஒரு புள்ளி வையுங்கள். அந்த வீடுகளை முதலில் முடியுங்கள், ஏழிலிருந்து எட்டரைக்குள். அந்த வீட்டுக்கு நான்கு வீடு முன்னாலேயே டிரம்மை நிறுத்துங்கள். பாட்டு மட்டும் போதும், கூட வேண்டுமானால் கிதார் மெதுவாக. தாத்தா வாசலில் முகமூடி இல்லாமல் வரட்டும். பிள்ளையிடம் பெயரைச் சொல்லட்டும். பிறகு அதன் கண்முன்னாலேயே அங்கியை மாட்டி, பஞ்சுத் தாடியை வைத்து, தொப்பி போடட்டும். முகமூடி வேண்டவே வேண்டாம். தாடியும் தொப்பியும் இருந்தால் கண்ணும் கன்னமும் தெரியும், சிரித்தால் சிரிப்பும் தெரியும். நிற்காமல் தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். பிள்ளைக்கும் அவருக்கும் நடுவில் ஆறடியாவது இருக்க வேண்டும். மிட்டாயைக் கையில் நீட்டாமல் நடுவில் தரையில் வைத்துவிட்டு வேறு யாரிடமாவது பேச வேண்டும். இரண்டு மூன்று நிமிடம். பிள்ளை அம்மா மடியிலிருந்து இறங்கி வந்தால் வரட்டும். வராவிட்டால் மிட்டாய் அங்கேயே இருக்கட்டும், நீங்கள் அடுத்த வீட்டுக்குப் போங்கள். சில பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு அதை எடுத்துக்கொண்டு நாள் முழுக்கத் தாத்தா கதை பேசும். அது போதாதா?

"பயம் தெளியத்தானே கொடுக்கிறோம்" என்று நான்கைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். ஓடவும் வழியில்லாமல் பிடித்துவைத்தால் பயம் தெளியாது, அதிகமாகும். அழுதாலும் அம்மா நம்மைக் கைவிட்டுவிடுவாள் என்ற நினைப்பும் சேர்ந்துகொள்ளும். பயம் தெளிவது, தானே கிட்டப்போய், தானே திரும்பி ஓடிவந்து, மறுபடி கிட்டப்போகிற விளையாட்டில்தான். கடலுக்குப் போகிற பிள்ளையைப் பாருங்கள். அலை வந்தால் ஓடும், போனால் துரத்தும். தூக்கி அலைக்குள் நிறுத்தினால் அடுத்த தடவை கடற்கரைக்கே வராது.

"நாங்களெல்லாம் அழுதுதான் வளர்ந்தோம், என்ன கெட்டுப்போச்சு?" இதை எழுதிய அண்ணாச்சிக்கு என் மேல் எவ்வளவு அன்பு என்று தெரியும், அதனால்தான் இது கூடுதலாக வலித்தது. அண்ணாச்சி, நாம் அழுததை யாரும் படம்பிடித்து ஊருக்கு அனுப்பவில்லை.

"தாத்தாவே வேதாகமத்தில் இல்லையே" என்பவர்களுக்கு: இல்லைதான். அது வேறு பேச்சு. ஆனால் அந்தத் தாத்தாவுக்கு மூலம் என்று சொல்லப்படுகிற நிக்கொலாஸ், நான்காம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியில் உள்ள மீராவில் ஆயராக இருந்தவர்; டிசம்பர் 6 அவருடைய திருநாள். மூன்று ஏழைப் பெண்களின் வீட்டுக்குள் ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் பொன்முடிப்பைப் போட்டுவிட்டுப் போனார் என்பதுதான் அவரைப் பற்றிய கதை. கொடுத்தவர் முகத்தைக் காட்டவே இல்லை. யாரையும் எழுப்பவும் இல்லை.

"அப்போ சின்னப் பிள்ளைக்குக் கிறிஸ்துமஸே வேண்டாமா?" நல்ல கேள்வி, இதற்குத்தான் பதில் சொல்ல ஆசை. வேண்டும். ஆனால் அதன் உயரத்தில் வேண்டும்.

கல்கல் எடுத்துக்கொள்ளுங்கள். பொரிப்பதைத் தவிர மற்றதில் மூன்று வயதுப் பிள்ளையும் கைகொடுக்கக்கூடிய பலகாரம் அது. அரைக் கிலோ மைதா, 150 கிராம் பொடித்த சர்க்கரை, 50 கிராம் உருக்கிய வெண்ணெய், ஒரு முட்டை, ஒரு சிட்டிகை உப்பு. கெட்டித் தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள், சப்பாத்தி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக. ஈரத்துணி போட்டு அரைமணி நேரம் மூடிவைக்க வேண்டும். சிறு கோலிக்குண்டு அளவு உருட்டி, முள்கரண்டியின் முதுகில் வைத்துப் பெருவிரலால் அழுத்திச் சுருட்ட வேண்டியதுதான். மாவு தளர்ந்தால் கரண்டியில் ஒட்டி வராது. பிள்ளை கோபித்துக்கொண்டு எழுந்துவிடும். சுருட்டிய ஓரத்தை அழுத்தாமல் விட்டால் எண்ணெயில் பிரிந்துகொள்ளும். எண்ணெய் அதிகம் காய்ந்தால் மேலே சிவந்து உள்ளே வேகாது. மிதமான தீயே சரி. முட்டை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் பச்சை மாவை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; முட்டை வேண்டாம் என்றால் அந்த அளவுக்குத் தேங்காய்ப்பால் கூட்டிக்கொள்ளுங்கள். சுருட்டுவது முன்அறையில், பாயில். பொரிப்பது பிள்ளை தூங்கிய பிறகு. காய்ந்த எண்ணெயும் ஓடுகிற பிள்ளையும் ஒரே அறையில் இருக்கவே கூடாது. அச்சு முறுக்குக்கு இன்னும் கண்டிப்பு, ஏனென்றால் அச்சு எண்ணெய்க்குள்ளேயே கிடந்து காய வேண்டும், நீளக் கம்பி சட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிள்ளை கை முதலில் போவது அங்கேதான்.

பிள்ளை சுருட்டியது கோணலாக இருக்கும். அதையே தட்டில் வைத்து விருந்தாளிக்குக் கொடுங்கள்.

குடில் இன்னொன்று. 1223-இல் அசிசியின் புனித பிரான்சிஸ், இத்தாலியின் கிரெச்சோ ஊரில் நிஜ மாடும் கழுதையும் வைக்கோலும் வைத்துத் தொழுவத்தைக் காட்டியது, பாலன் பிறந்த நிலையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான். நாமோ ஆள் உயரத்தில் மேசை போட்டு, "தொடாதே, தொடாதே" என்று ஒரு மாதம் கத்துகிறோம். சுரூபங்கள், அதாவது குடில் சிலைகள், உடையும் என்ற பயம் நியாயம்தான். பெரிய குடில் மேலே இருக்கட்டும்; தரையில் ஒரு செருப்புப் பெட்டியில் இரண்டாவது குடில் வையுங்கள், களிமண் பொம்மைகளும் தேங்காய் நாரும் போட்டு, முழுக்கப் பிள்ளையின் பொறுப்பில். மலைக்குத் தாள் ஒட்ட மைதாப் பசை காய்ச்சும்போது ஒரு பங்கு மாவுக்கு நான்கு பங்கு தண்ணீர், அவ்வளவுதான். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்க்கிற பழக்கம் உண்டு. அது விஷம், பிள்ளை கைபடும் பசையில் வேண்டாம்.

குடிலில் புல்லுக்குக் கேழ்வரகு. டிசம்பர் 15-ஆம் தேதி ராத்திரி ஒரு கைப்பிடி ஊறவைத்து, மறுநாள் தட்டில் ஓரங்குல மண் பரப்பித் தூவி, ஈரத்துணியால் மூடுங்கள். முளைவிட்டதும் துணியை எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் மஞ்சளாக நீண்டு சாய்ந்துவிடும். தண்ணீரை ஊற்றாமல் தெளிக்க வேண்டும். தேங்கினால் பூஞ்சை பிடிக்கும். தினமும் காலையில் தெளிப்பது பிள்ளையின் வேலை. 24-ஆம் தேதிக்குள் இரண்டு விரல் உயரம் வந்துவிடும். பாலன் இயேசு சுரூபத்தை அன்று ராத்திரிதான் வைப்போம். வைக்கிற கை பிள்ளையின் கையாக இருக்கட்டும். ஞானிகள் மூவரையும் வீட்டின் இன்னொரு மூலையில் நிறுத்தி, ஜனவரி 6 வரை தினம் ஒரு சாண் நகர்த்தச் சொல்லுங்கள். விடுமுறை முழுக்க அதற்கு ஒரு வேலை இருக்கும்.

இதில் எதற்கும் அழ வேண்டியதில்லை. இதில் எதுவும் வீடியோவில் நன்றாக வராது, அதுவும் உண்மை.

இன்னொன்றையும் சொல்லாமல் போனால் மனசு ஆறாது. ரோட்டோரத்தில் விற்கிற மினுக்கும் தாத்தாத் தொப்பி, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, சின்ன எல்இடி மெழுகுவர்த்தி எல்லாவற்றிலும் இருப்பது பொத்தான் பேட்டரி. மூடி திருகாணி போட்டு இறுக்கியிராவிட்டால் வாங்காதீர்கள். பிள்ளை விழுங்கி அது உணவுக்குழாயில் நின்றுவிட்டால், எச்சில் பட்டு மின்சாரம் ஓடி, இரண்டு மணி நேரத்துக்குள் சதையைப் பொசுக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஒரு வயது கடந்த, விழுங்க முடிகிற பிள்ளை என்றால், பேட்டரி உள்ளே போய்ப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள்தான் என்றால், போகும் வழியிலேயே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன், ஆறு முறை வரை கொடுக்கலாம். வேறெதுவும் கொடுக்கக் கூடாது. தேனைத் தேடிக்கொண்டு நேரத்தை விடவும் கூடாது. அதே மாதிரி முழு முந்திரி, வேர்க்கடலை நான்கு வயதுவரை வேண்டாம். கேக்கில் பொடித்துப் போடுங்கள். விளக்கணைத்து மெழுகுவர்த்தி ஏற்றும் ஆராதனையில் வலைத்துணி ஃபிராக் போட்ட பிள்ளை கையில் நிஜ மெழுகுவர்த்தி கொடுக்காதீர்கள். அந்தத் துணி ஒரு பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும்.

ஆராதனை நேரம் பற்றியும் திட்டுவீர்கள், தெரியும். நள்ளிரவுத் திருப்பலியோ விடியற்காலை ஆராதனையோ, கைக்குழந்தையோடு போக முடியாத அம்மாவை யாரும் கேள்வி கேட்க வேண்டாம். ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பகல் தூக்கத்தோடு சேர்த்துப் 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதில் நான்கு மணி நேரத்தைப் பிடுங்கிவிட்டு, காலையில் பிரியாணிப் பந்தியில் அது அடம்பிடித்தால் "வளர்ப்பு சரியில்லை" என்று சொல்வது யார்? நாம்தான்.

அந்த வீடியோவின் கீழும் அதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். "பிள்ளையை ஆள்பழக்கம் இல்லாமல் வளர்த்திருக்கிறாள்." அந்த அம்மா முகத்தைப் பார்த்தீர்களா? சிரிக்கிறாள், ஆனால் பிள்ளையை விடாமல் பிடித்திருக்கிற கை மட்டும் சிரிக்கவில்லை. வந்திருப்பது சபையார், எதிரே மாமனார், பக்கத்தில் ஊர்ப் பெரியவர்கள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வாள்? அதிகாலையில் எழுந்து மாவு இடித்து, முறுக்கு சுற்றி, வீடு கழுவி, வந்தவர்களுக்குக் காபி போட்டவள். அவளுக்காக ஒருவராவது "விடுங்க, பிள்ளை பயப்படுது" என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. அத்தனை பேர் நின்ற இடத்தில் ஒருவர் வாயிலிருந்தும் அது வரவில்லை. எனக்கு ஆறாதது அதுதான்.

தொழுவத்தில் பிறந்த பிள்ளையை முன்னணையில் படுக்கவைத்த கதையைத்தானே அந்த வாசலில் பாடினீர்கள்.

இந்த வாரம் இன்னும் மூன்று ராத்திரி ரவுண்ட்ஸ் இருக்கிறது. நம் குழுவில் இருப்பவர்கள் பட்டியலில் அந்தப் புள்ளியை வைத்துவிடுங்கள். அந்த வீடியோவைப் போனில் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அழித்துவிடுங்கள், அனுப்பியவர்களிடமும் அழிக்கச் சொல்லுங்கள். இன்னும் இரண்டு வருடத்தில் அந்தப் பிள்ளை எல்.கே.ஜி. போகும்.