'டெஸ்பேர்' ஜோடிப் பிரிவு அல்ல
"ஜோடியைக் குறிக்கும் ஆங்கில 'பேர்' (pair) என்ற சொல்லிலிருந்துதான் 'டெஸ்பேர்' (despair, நம்பிக்கை இழத்தல்) வந்தது, துணையை இழந்தவர் நிலை" என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு, நண்பரே. அந்தப் 'பேர்' லத்தீனின் 'பார்', அதாவது சமம். 'டெஸ்பேர்' வேறு குடும்பம்: 'தே' என்றால் நீங்கி, 'ஸ்பேராரே' என்றால் நம்புதல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்ததால் எழுத்து மாறிக் குழப்புகிறது. பிரிக்க வேண்டியது 'டெ'-க்குப் பின். 'டெஸ்'-க்குப் பின் அல்ல.

உங்கள் விளக்கத்தை நம்பினால் எஸ்பிஎம் (மலேசியப் பள்ளியிறுதித் தேர்வு) எழுதும் நம் பிள்ளைகள் 'டெஸ்பரேட்' (desperate) எழுதும்போது 'பி'-க்குப் (p) பின் 'ஏ' (a) போட்டுவிடுவார்கள். அங்கே வருவது 'இ' (e), 'ஸ்பேராரே'யில் (sperare) உள்ள அதே எழுத்து.

கேஎல் (கோலாலம்பூர்) வகுப்பில் சொல்லிக்கொடுக்க மலாயின் 'புத்துஸ் ஆசா' போதும்: புத்துஸ் அறுதல், ஆசா நம்பிக்கை. அந்த 'ஆசா'வும் நம் 'நிராசை'யில் உள்ள ஆசையும் ஒரே சமஸ்கிருதச் சொல்தான்.