மின்விசிறியின் கோண அமர்முடுகல் 15 அன்று

நிமிடத்துக்கு 300 சுற்றுகள் சுழலும் மின்விசிறி, ஆளியை நிறுத்தி 20 செக்கனில் ஓய்வுக்கு வந்தால், 300 ஐ 20 ஆல் வகுத்து அதன் கோண அமர்முடுகல் (சுழற்சி வேகம் குறையும் வீதம்) 15 ஆரையன்/செக்கன்² என்று எழுதலாம் எனக் கூறும் குறிப்பொன்று மட்டக்களப்பு உயர்தர மாணவரிடையே வாட்ஸ்அப்பில் பரவி வருகிறது. இது பிழையாகும்.

வகுத்தலில் தவறில்லை, அலகிலேயே தவறு. நிமிடத்துக்கு 300 சுற்றுகள் என்பது செக்கனுக்கு 5 சுற்றுகள். கோணத்தை அளக்கும் அலகான ஆரையனில் ஒரு சுற்று ஏறத்தாழ 6.28 ஆரையன் என்பதால் தொடக்கக் கோண வேகம் 31.4 ஆரையன்/செக்கன் ஆகும். அதனை 20 ஆல் வகுக்க 1.57 ஆரையன்/செக்கன்² கிடைக்கும். உண்மையில் 15 ஆக இருந்தால் விசிறி இரண்டு செக்கனுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்திலேயே நின்றுவிட வேண்டும். கல்லடியில் நாம் படிப்பிக்கும் அறையில், தகடொன்றில் சிவப்பு நூலைக் கட்டி ஆளியை நிறுத்தினோம். நூல் தனியே கண்ணுக்குப் புலப்படுவதற்கே அதனிலும் நீண்ட நேரம் சென்றது. (காற்றுத்தடை வேகத்துடன் மாறுவதால் 1.57 என்பதும் சராசரியே.)

தகட்டின் நுனியில் கோண அமர்முடுகல் கூடுதல் என்னும் அக்குறிப்பின் கடைசி வரியும் தவறு. அது எல்லாப் புள்ளிகளுக்கும் ஒன்றே. ஆரையால் பெருக்கிப் பெறும் தொடலித் திசை (புள்ளி நகரும் திசையிலான) அமர்முடுகலே நுனியில் கூடும், 0.6 மீற்றர் ஆரைக்கு அது 0.94 மீற்றர்/செக்கன்² ஆகும்.