குளிர் கீழேயிருந்துதான் வருகிறது

டிசம்பர் நெருங்கினாலே ஆபீஸ் வாட்ஸப் குழுவில் யாராவது ஒருத்தர் கேட்டுவிடுகிறார்கள்: "அக்கா, கேதார்காந்தா போறோம், எந்த ஸ்லீப்பிங் பேக் வாங்கலாம்?" உத்தரகண்டில் இருக்கும் பனிமலை அது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "கீழே என்ன விரிக்கப் போறே?" பெரும்பாலும் பதில் வராது. வந்தால், "அங்கேயே ஏதோ மேட் தருவாங்களாம்" என்று வரும்.

அந்த "ஏதோ மேட்" எனக்கு ஓர் இரவு முழுக்கத் தூக்கத்தைப் பறித்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்னுடைய முதல் இமயமலை ட்ரெக்கும் அதே கேதார்காந்தாதான். அடிவாரக் கிராமமான சாங்க்ரியிலிருந்து நடந்து ஜூடா கா தாலாப் என்ற குளத்துப் பக்கத்தில் டென்ட் போட்டிருந்தார்கள். குளம் உறைந்து கிடந்தது, சுற்றிலும் பனி. நல்ல ஸ்லீப்பிங் பேக்காகத்தான் வாடகைக்கு எடுத்திருந்தேன். கீழே விரிக்கக் கொடுத்தது ஒரு நீல நிற ஃபோம், சுண்டு விரல் கனம்கூட இருக்காது. படுத்த அரை மணி நேரத்தில் முதுகு ஜில்லிட ஆரம்பித்தது. ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பெலும்பில் குளிர் குத்தியது. பக்கத்தில் படுத்திருந்த தோழி தன் ஸ்வெட்டரை எடுத்து என் மேல் போர்த்தினாள். ஒரு பிரயோஜனமும் இல்லை. இரண்டு மணிக்கு எழுந்து, பையில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, காலிப் பையையும் மழைக்கோட்டையும் இடுப்புக்குக் கீழே திணித்த பிறகுதான் கொஞ்சம் கண் அயர முடிந்தது.

மறுநாள் வழிகாட்டி அண்ணனிடம் சொன்னேன். அவர் பேசாமல் இன்னொரு நீல ஃபோமைக் கொண்டுவந்து முதலாவதன் மேல் போட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு இன்னும் உயரமான முகாம், குளிரும் அதிகம். ஸ்லீப்பிங் பேக் அதேதான். விடியும்வரை அசையாமல் தூங்கினேன்.

காரணம் ரொம்ப எளிது. ஸ்லீப்பிங் பேக்குக்கென்று சொந்தமாகச் சூடு கிடையாது. அதன் பஞ்சுக்குள்ளோ இறகுக்குள்ளோ அடைபட்டிருக்கும் காற்றுதான் நம் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. நாம் ஏறிப் படுத்ததும் முதுகுக்குக் கீழே இருக்கும் பாகம் நசுங்கி, காற்றெல்லாம் வெளியே போய்விடுகிறது. எங்கள் பாட்டி இலவம்பஞ்சு மெத்தையை மாதம் ஒரு தடவை மொட்டை மாடியில் காயப்போட்டுத் தட்டி எடுப்பார். வெயில் பட்டதும் பொதபொதவென்று உப்பி வரும். கட்டிதட்டிப் போன மெத்தையில் கதகதப்பு இருக்காது என்பது அவருக்குத் தெரியும். அதே கணக்குதான் இங்கேயும். முதுகுக்கும் பனிக்கும் நடுவே உண்மையில் வேலை செய்வது கீழே விரித்திருக்கும் பேட் மட்டும்தான்.

தரை எப்படிச் சூட்டை உறிஞ்சும் என்பது சென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதே இல்லை. மே மாதம் கரண்ட் போனால் தலையணையைத் தூக்கிக்கொண்டு மொசைக் தரையில் போய்ப் படுக்கிறோமே, எதற்கு? தரை நம் சூட்டை எடுத்துக்கொள்கிறது, அது சுகமாக இருக்கிறது. பனித்தரையும் அதைத்தான் செய்கிறது, ஆனால் விடியும்வரை நிறுத்துவதில்லை. பிள்ளை பெற்றவளை வெறுந்தரையில் படுக்கவிடாமல் பாய்க்கு மேல் ஜமுக்காளம், அதற்கு மேல் போர்வை என்று அடுக்கிய வீடுகள் நம்முடையவை. ட்ரெக் என்றதும் அதெல்லாம் மறந்து, காசு முழுவதையும் மேலே போர்த்துவதில் கொட்டிவிடுகிறோம்.

சரி, வாங்கும்போது எதைப் பார்ப்பது? முதலில் ஆர்-வேல்யூ. வெப்பத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான எண் அது. எண் இரண்டு மடங்கானால் தரைக்குப் போகும் சூடு பாதியாகும். முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு அளந்து ஒரு எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தது. 2018-இல் ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற பொதுவான சோதனை முறை வந்தது. ஒரு சூடான தட்டுக்கும் குளிர்ந்த தட்டுக்கும் நடுவே பேடை வைத்து, மேல்தட்டைச் சூடு குறையாமல் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று அளக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு பிராண்டின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடுவதில் அர்த்தம் வந்தது. எண்ணே அச்சிடாமல் "கடுங்குளிருக்கு ஏற்றது" என்று மட்டும் போட்டிருந்தால் நான் கையில்கூட எடுப்பதில்லை.

இந்த எண்ணை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், சென்னையில் இருந்துகொண்டு நம்மால் சோதித்துப் பார்க்க முடியாத ஒரே விஷயம் குளிர். மொட்டை மாடியில் விரித்துப் படுத்தால், பகலெல்லாம் வெயில் குடித்த தளம் நடுராத்திரி வரைக்கும் கீழேயிருந்து சூடு கக்கும். அங்கே எந்தப் பேடும் கதகதப்பாகத்தான் இருக்கும்.

மூணாறு, கொடைக்கானல், மீசப்புலிமலை பக்கம்தான் போவீர்கள் என்றால் ஆர் 2 அளவுள்ள மடிக்கும் ஃபோம் பொதுவாகப் போதும். ஜனவரியில் மூணாறு சில ராத்திரிகளில் பூஜ்யத்தைத் தொடும், அப்போது மட்டும் இன்னும் கொஞ்சம் வேண்டும். தெர்மரெஸ்ட் கம்பெனியின் இசட் லைட் சோல் இந்த வகை. 2 செ.மீ. கனம், 410 கிராம், ஆர் 2. ஓட்டை விழாது, காற்று இறங்காது, மதியம் பாறையில் விரித்து உட்காரலாம். இமயமலைப் பனிக்கு 5-க்கு மேல் போங்கள். சீக்கிரம் குளிரெடுக்கும் உடம்பு என்றால் இன்னும் ஒரு படி மேலே. எனக்கு அப்படித்தான், என்னோடு வரும் பெண்கள் பலருக்கும் அப்படித்தான்.

இதற்காக ஒரே அடியில் விலை கூடிய பேட் வாங்கவேண்டும் என்றில்லை. ஆர்-வேல்யூக்களைக் கூட்டிக்கொள்ளலாம். 4.5 உள்ள ஏர் பேடுக்கு, அதாவது காற்று ஊதிப் படுக்கும் பேடுக்கு, கீழே ஆர் 2 ஃபோமை விரித்தால் 6.5. அந்த வழிகாட்டி அண்ணன் செய்ததும் இந்தக் கூட்டல்தான். கூடவே, முள்ளும் கல்லும் முதலில் ஃபோமில்தான் குத்தும். நடுராத்திரி ஏர் பேட் காற்றிறங்கிப் போனாலும் விடியும்வரை சமாளிக்கலாம். நான் இப்போது இப்படித்தான் போகிறேன், எல்லோருக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

அடுத்தது சத்தம். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, எனக்கோ இதில் ரொம்ப வருத்தமான அனுபவம். இமாச்சலத்தில் இருக்கும் ஹம்ப்டா பாஸ் போனபோது ஒருவரிடம் இரவல் வாங்கிய ஏர் பேட் கொண்டுபோனேன். எடையே தெரியாது, நல்ல கதகதப்பு. ஆனால் ஒவ்வொரு தடவை புரளும்போதும் சிப்ஸ் பாக்கெட்டைக் கசக்குவதுபோல் சரக் சரக்கென்று சத்தம். இந்த மாதிரி ஏர் பேடுகளுக்குள் உடம்புச் சூட்டைத் திருப்பி அனுப்ப, அலுமினியம் பூசிய மெல்லிய தாள் இருக்கும், அதுதான் கசங்குகிறது. எனக்குக் கீழே இருந்ததால் நான் பழகித் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால், அதே டென்டில் படுத்திருந்த அக்காவின் கண்கள் சிவந்து கிடந்தன. ஒரு வார்த்தை சொல்லவில்லை, டீயை நீட்டினார். அடுத்த நாள் அவர் ஆறு மணி நேரம் நடக்கவேண்டியிருந்தது. இன்றைக்கும் அந்த முகம் என் மனதில் இருக்கிறது. டென்டைப் பகிர்ந்துகொள்ளும்போது நம் பேடின் சத்தம் நம் சொந்த விஷயம் இல்லை.

இப்போது கம்பெனிகளே இதைச் சரிசெய்ய முனைகின்றன. தெர்மரெஸ்டின் நியோஏர் எக்ஸ்லைட் பழைய மாடல் இந்தச் சத்தத்துக்கே பேர்போனது. பின்னால் வந்த என்எக்ஸ்டி மாடலில் சத்தத்தை நன்றாகவே குறைத்திருக்கிறார்கள். ஆர் 4.5, 3 அங்குல உயரம், எடை 400 கிராமுக்குள். நீமோ கம்பெனியின் டென்சரும் சத்தம் குறைவு என்று பெயர் எடுத்தது. இறக்குமதி வரியோடு சேர்த்தால் விலை கையைக் கடிக்கும், அது உண்மை. அதனால் எதை வாங்கினாலும் வீட்டில் ராத்திரி ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு தடவை ஊதிப் படுத்துப் பாருங்கள். ஃபேன் ஓடினால் எந்தச் சத்தமும் கேட்காது. இந்தச் சோதனைக்குச் சென்னை போதும்.

அப்புறம் சௌகரியம். ஒருக்களித்துத் தூங்குபவர்களுக்கு உயரம் வேண்டும். மூன்று அங்குலம் இருந்தால் இடுப்பும் தோளும் தரையைத் தொடாது. பலர் செய்யும் தப்பு, கல் மாதிரி ஊதிவிடுவது. முழுக்க ஊதிப் படுத்துக்கொண்டு, வால்வைத் தொட்டுத் தொட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விடுங்கள். இடுப்பு அமிழவேண்டும், ஆனால் தரை தட்டக்கூடாது. அந்த இடத்தில் நிறுத்துங்கள். குளிர ஆரம்பித்ததும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி பேட் தொளதொளத்துப் போகும். ஓட்டை என்று பதற வேண்டாம், படுக்கும் முன் இன்னும் கொஞ்சம் காற்று ஏற்றினால் சரியாகிவிடும். சாதாரண பேட் 20 அங்குல அகலம்தான், மல்லாந்து படுத்தால் முழங்கை வெளியே தொங்கும். கொஞ்சம் எடை கூடினாலும் 25 அங்குலம் வாங்குங்கள் என்பது என் கட்சி.

வாயால் ஊதாதீர்கள். மூச்சின் ஈரம் உள்ளே தங்கும், நம் ஊர்ப் புழுக்கத்தில் அது காயாது, பூஞ்சை பிடிக்கும். காற்று ஏற்றும் பம்ப் பை பெரும்பாலும் கூடவே வரும், அதைப் பயன்படுத்துங்கள். திரும்பி வந்ததும் வால்வைத் திறந்து ஃபேனுக்குக் கீழே இரண்டு நாள் விரித்து வையுங்கள். ஊதிய பேடை வெயிலில் போடவே கூடாது, காற்று விரிந்து உள்ளே ஒட்டியிருக்கும் இடங்கள் பிய்ந்துபோகும். கார் டிக்கியில் போட்டு மறப்பதும் அதே ஆபத்துதான்.

என்னிடம் இப்போது ஒரு ஃபோமும் ஒரு ஏர் பேடும் இருக்கின்றன. இந்த டிசம்பரில் முதல் தடவை மலைக்குப் போகிறவர்கள், வாங்குவதற்கு முன்னால் வந்து படுத்துப் பார்க்கலாம். வீடு பெரம்பூரில்தான். ஒன்பது மணிக்கு மேல் வாருங்கள், அதற்குள் தெருச்சத்தம் அடங்கிவிடும். ஃபேனை நான் நிறுத்திவைக்கிறேன்.