சைக்கிள் சபதம்

இனி ஆபீஸுக்கு சைக்கிள்தான் என்று ராத்திரி படுக்கும்போது இருக்கிற வீராப்பு காலையில் எங்கே போகிறதென்றே தெரியவில்லை. திருப்பரங்குன்றத்திலிருந்து கோரிப்பாளையத்துக்கு எப்படியும் 8, 9 கிலோமீட்டர், அதை மிதித்துவிடலாம் சாமி, ஆனால் பின் டயரில் காற்று இறங்கிக் கிடப்பதைப் பார்த்ததும் கை தானாக பைக் சாவியைத் தேடுகிறது. சரி என்று காற்றடித்துக் கிளம்பினால் தெருமுனையிலேயே, "என்ன தம்பி, வண்டி ரிப்பேரா?" தினமும் இதே கேள்வி! அப்புறம் ஷேர் ஆட்டோக்கள். ஓரமாக ஒருத்தர் கை காட்டினால் போதும், நம் முன்சக்கரத்துக்கு நேராக ஒடித்து நிறுத்துவார்கள். மதுரையில் வைகை மேல் 1889இல் கட்டிய ஏவி பாலத்தில் ஏறும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும், வைகையில் இறங்கி ஒரு முங்கு போடலாம் என்றால் அதற்குத் தண்ணீர் வேண்டுமே. ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி அண்ணன் வேறு, "சைக்கிளை ஜெனரேட்டர் பக்கம் போடுங்க" என்பார். பேண்ட் காலில் செயின் கிரீஸ் கறை, அதை யார் துவைப்பது?