87 ஓட்டு

தோற்ற கட்சியின் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் இருந்திருக்கிறீர்களா? முதல் நாள் ஒரே ஒப்பாரி. மறுநாள் யார் காலை வாரினார்கள் என்று சண்டை. மூன்றாம் நாளிலிருந்து இவர் வெளியேறினார், அவர் வெளியேறினார் என்று வரிசையாக வரும். அப்புறம் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொல்கிற ரெண்டு பேர்தான் மிச்சம்.

எனக்குப் பழக்கமான தம்பி ஒருவனும் அப்படி வெளியேறிவிட்டான். அவன் கட்சி வேறு, என் கட்சி வேறு. ஆனாலும் எனக்குத்தான் குரல்பதிவு அனுப்பியிருந்தான். "இந்த ஜனங்களுக்கு நல்லது பண்ணணும்னு நெனச்சதே தப்புண்ணே. ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் வெலபோற கூட்டம். இனிமே அரசியல் பக்கமே தலவெச்சுப் படுக்க மாட்டேன்." ஆறு நிமிஷம். முழுதாகக் கேட்டேன், பதில் போடவில்லை. இங்கே எழுதுகிறேன், எப்படியும் படிப்பான்.

தம்பி, நான் காட்டுமன்னார்கோயில் தொகுதிக்காரன். 2016 சட்டமன்றத் தேர்தலில் மக்கள் நலக் கூட்டணி சார்பில் எங்கள் தொகுதியில் எங்கள் விடுதலைச் சிறுத்தைகள் கட்சித் தலைவர் திருமாவளவன் நின்றார். வாங்கிய ஓட்டு 48,363. ஜெயித்த அதிமுக வேட்பாளருக்கு 48,450. கழித்துப் பார்த்துக்கொள்.

அந்த 87-உடன் நான் எத்தனை நாள் குடித்தனம் நடத்தினேன் தெரியுமா? பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தவன் நான். சாயங்காலம் இயந்திரத்துக்கு சீல் வைத்ததும், பூத்தில் பதிவான ஓட்டுக் கணக்கு எழுதிய 17சி படிவத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஜெயித்தாயிற்று என்றுதான் வீட்டுக்குப் போனேன். முடிவு வந்த ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. வாக்காளர் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு, ஓட்டுப்போட வராதவர்களை எண்ணினேன். சென்னையில் சென்ட்ரிங் வேலைக்குப் போனவர்கள் ஆறு பேர். திருப்பூர் பனியன் கம்பெனியில் மூன்று பேர். கல்யாணமாகி வேறு ஊர் போய்விட்ட பெண்கள் நாலு பேர், பெயர் மட்டும் இன்னும் இங்கேயே. ஒருவருக்கு அன்றைக்குக் காய்ச்சல். இன்னொருவர் என் சொந்த மச்சான், வாய்க்கால் தகராறில் என்மேல் இருந்த கோபத்தில் வரவில்லை. ஒரே பூத்தில் பதினைந்து பேர். தொகுதியில் இருநூறு பூத்துக்கு மேல் இருக்கிறது.

டீக்கடையில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இயந்திரம், சாதி, விஜயகாந்தோடு சேர்ந்தது, எல்லாவற்றுக்கும் மேலே பணம். நானும் ஒரு வாரம் பணத்தையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பணம் பொய் கிடையாது. அந்தத் தேர்தலில்தான் பணப் பட்டுவாடா என்று அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தலையே நிறுத்தினார்கள். ஆனால் தம்பி, பணம்தான் காரணம் என்று சொல்லி முடித்ததும் என்ன ஆகிறது என்று கவனித்திருக்கிறாயா? நமக்குச் செய்ய ஒரு வேலையும் மிச்சமில்லாமல் போகிறது. மச்சானிடம் போய்ப் பேச வேண்டியதில்லை. சென்ட்ரிங் பையன்களை ஊருக்கு வரவழைக்க முடியாமல் போனது ஏன் என்று யோசிக்க வேண்டியதில்லை. வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு எழுந்து போய்விடலாம்.

நானும் போயிருப்பேன். எங்கள் தெருக்கோடி ஆயாதான் விடவில்லை. முடிவு வந்து நாலைந்து நாள் இருக்கும். திண்ணையில் படுத்திருந்தேன். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றது.

"ஏம்பா, தோத்துட்டீங்களாமே?"

"ஆமா ஆயா."

"அப்ப எங்க பைப்புல தண்ணி வரவெக்க ஒன்னால ஆவாதா?"

ஆயா எம்ஜிஆர் காலத்திலிருந்து இரட்டை இலை. மறைக்கவே மறைக்காது, என் முகத்துக்கு நேரே சொல்லும். அந்தத் தேர்தலிலும் இலையில்தான் குத்தியது. அதற்காகத் தண்ணீருக்கு என்னிடம் வருவதில் அதற்கு ஒரு கூச்சமும் இல்லை. ஓட்டு ஒரு கணக்கு, தண்ணீர் வேறு கணக்கு. ஜனங்களை விலைபோன கூட்டம் என்று நான் திட்டிக்கொண்டு திரிந்தேனே, அந்த ஜனம்தான் குடத்தோடு வந்து நிற்கிறது.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல், எங்கள் வீராணம் ஏரித் தண்ணீர் 200 கிலோமீட்டர் தாண்டிச் சென்னைக்குக் குழாயில் போகிறது. எங்கள் தெருக்குழாயில் காற்றுதான் வரும். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலும் நின்றுபோனது. 2019 டிசம்பர் வரை ஊருக்குத் தலைவர் கிடையாது, தனி அலுவலர்தான். மனு எழுதிக்கொண்டு நானும் ஆயாவும் ஆபீஸுக்கு ஏழு தடவை நடந்தோம். அதிகாரி இருந்தால் கிளார்க் இருக்க மாட்டார், ரெண்டு பேரும் இருந்தால் ஃபைல் இருக்காது. கடைசியில் தண்ணீர் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் விடியற்காலை நாலு மணிக்கு. பெரிய சாதனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஏழு நடையில்தான் தெருவில் மற்றவர்களும் என்னைக் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்தார்கள்.

தோற்றவனைத் தேற்ற நம்மூரில் ஒரு பாட்டு வைத்திருக்கிறார்கள்: சக்கரம் சுற்றும். 1991-ல் ரெண்டே இடம் வாங்கிய திமுக 1996-ல் ஆட்சிக்கு வந்தது. அந்த 1996-ல் அதிமுகவுக்கு நாலு இடம், பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார், 2001-ல் மறுபடி முதலமைச்சர். 1980 இன்னும் வேடிக்கை. ஜனவரியில் மக்களவைத் தேர்தலில் எம்ஜிஆர் கட்சிக்கு ரெண்டே தொகுதி, அடுத்த மாதம் ஆட்சியையும் கலைத்தார்கள். மே மாதம் நடந்த சட்டமன்றத் தேர்தலில் 129 இடம் பிடித்து மறுபடி வந்து உட்கார்ந்தார். எல்லாம் உண்மைதான். ஆனால் இந்த ஆறுதல் பெரிய கட்சிக்காரர்களுக்குச் சரிப்படும். எங்களை மாதிரிச் சின்னக் கட்சிக்கு எந்தச் சக்கரம்? 2016-ல் எங்கள் கூட்டணி முழுக்கப் பூஜ்யம். 2011-ல் 29 இடம் பிடித்து எதிர்க்கட்சியாக உட்கார்ந்த தேமுதிக அன்றைக்கு எங்களோடு சேர்ந்து பூஜ்யமானது, 2021-லும் பூஜ்யம்தான். சக்கரம் அடியில் போட்டுவிட்டுப் போனால் போனதுதான். அதனால் "காத்திரு, காலம் மாறும்" என்று உனக்கு நான் சொல்ல மாட்டேன்.

எங்களுக்கு என்ன ஆனது என்று கேட்பாய். 2019-ல் அதே திருமாவளவன் சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் பானைச் சின்னத்தில் நின்றார். ஆறு சட்டமன்றத் தொகுதி சேர்ந்தது அது, எங்களுடையது அதில் ஒன்று. முன்னே பின்னே என்று மாறி மாறி வந்து, 3,219 ஓட்டில் ஜெயித்தோம். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. 2021-ல் காட்டுமன்னார்கோயிலும் கிடைத்தது. கூட்டணி மாறியதால் ஜெயித்தீர்கள் என்பான் எதிராளி. ஆமாம், முக்கால்வாசி அதுதான், அதை மறைப்பானேன்? மீதிக் கால்வாசியில் எங்கள் தெருக்குழாய் எவ்வளவு என்று அளந்து சொல்ல என்னிடம் படி கிடையாது. 2019-ல் மச்சான் வந்து ஓட்டுப் போட்டான், அது தெரியும். வாய்க்கால் தகராறு இன்னும் தீரவில்லை.

ஆயா மாறவில்லை. "வேலயெல்லாம் ஒங்கிட்ட, ஓட்டு மட்டும் எம்ஜிஆருக்கு" என்று சிரித்துக்கொண்டே சொல்லும். முதலில் சுருக்கென்று இருந்தது. இப்போது பழகிவிட்டது.

அன்றைக்கு ராத்திரி போட்ட அந்தப் பதினைந்து பேர் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். வருஷா வருஷம் திருத்துகிறேன். பெயர் சேர்க்கப் படிவம் 6, இடம் மாறினால் படிவம் 8, ரெண்டும் எப்போதும் பையில் இருக்கும். நீ என் கட்சிக்கு வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சும்மாதானே இருப்பாய்? காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு வா. வடக்குத் தெருவில் பதினெட்டு முடிந்த பிள்ளைகள் நாலு பேர் இருக்கிறார்கள், நாலும் உன் கட்சிக்காரன் வீட்டுப் பிள்ளைகள்.